தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசை

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாக நச்சரிக்கிறார். விளையாட்டு விழா, விடுதிச் சாப்பாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் லைப்ரரி மேசையைப் பற்றி எழுதுகிறேன். ஒரு கால் குட்டையாக, அடியில் ஓட்டுச் சில்லு முட்டுக்கொடுத்து நிற்குமே, அந்த மேசை.

1987 ஜூனில் நான் ஒன்பதாம் வகுப்பு. நம் லைப்ரரியில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கண்ணில் படாது. எல்லாம் இரும்பு பீரோவுக்குள் பூட்டியிருக்கும். வருடக் கடைசிக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாளர் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தையும் தப்பு சொல்ல முடியாது. லைப்ரரி பீரியடில் கிழிந்த வார இதழைப் புரட்டிவிட்டு வெளியே வருவோம்.

அந்த வருடம் புதிதாக வந்த லைப்ரரி சார் குடியாத்தம் பக்கத்துக்காரர். வந்ததும் பீரோக்களைத் திறந்து வைத்தார். அப்படியும் யாரும் கிட்டே போகவில்லை. பைண்டிங் செய்து வந்த புத்தகம் அத்தனையும் ஒரே காப்பிக் கலர், முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். எது கதை, எது கணக்கு என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எடுத்துப் பார்க்க யாருக்குப் பொறுமை?

அப்புறம்தான் மேசை வந்தது. முதல் காட்சி ஜூலை 10, வேலூர்ப் புரட்சி நாளுக்கு. 1806இல் நடந்த இடம் நாம் தினமும் பஸ்சில் கடக்கிற கோட்டை என்பதால் நல்ல தலைப்புத்தான். வெள்ளை வேட்டி விரித்து, சார்ட்டில் அகழி வரைந்து, புத்தகங்களை விசிறி மாதிரி அடுக்கினோம். வரைந்தது நான். நான்கு நாள் ஒருவனும் தொடவில்லை. ஐந்தாம் நாள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், டி.இ.ஓ. வர்றாரா?" என்றான், மாவட்டக் கல்வி அதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறாரா என்று.

சார் சிரித்துவிட்டார். அன்று மாலையே வேட்டியை உருவினார், விசிறியைக் கலைத்தார். நடுவிலிருந்து இரண்டு புத்தகத்தை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம், என் சார்ட் போச்சே என்று. "டேய், பந்தியில முதல் இலைல உக்கார யாருக்கும் கூச்சம்தான். யாரோ சாப்ட்டு எழுந்த மாதிரி இருந்தா அடுத்தவன் தானா உக்காருவான்" என்றார். மறுநாளே மூன்று புத்தகம் போனது. அதிலிருந்து என் வேலை, இடம் காலியானால் பாதியை மட்டும் நிரப்புவது.

இரண்டாவது காரியம், மேசையை உள் அறையிலிருந்து நகர்த்தி வராண்டாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போட்டது. வேலூர் வெயிலில் பானைப் பக்கம் வராத பையன் உண்டா? டம்ளருக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் கண் மேசைக்குப் போகும். புத்தகத்தில் தண்ணீர் சிந்தும் என்று ஸ்டாஃப் ரூமில் புகார் வந்தது. சிந்தத்தான் செய்தது. வெயிலில் காயவைத்தோம்.

அட்டை இல்லாத புத்தகத்துக்கு முகம் வேண்டுமே. படம் உள்ள பக்கத்தைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துவோம். இல்லையென்றால் ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி: "தலைப்பாகையால் ஏன் கலகம் வந்தது?" "ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது?" ஆற்காட்டிலிருந்து பஸ்சில் வருகிற பையன்கள் இரண்டாவதற்கு விழுந்துவிட்டார்கள். பதிலை எழுதக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. "சிறந்த நூல்", "அவசியம் படிக்க" என்றும் எழுத விடமாட்டார். அது வாத்தியார் பேச்சு, பையன் ஓடிவிடுவான் என்பார்.

இன்னொன்றும் கவனித்தோம். திரும்பி வந்த புத்தகங்களை உடனே பீரோவில் அடுக்காமல் மேசை ஓரத்தில் குவித்து வைத்தால், அந்தக் குவியல்தான் முதலில் கரையும். அடுத்தவன் படித்தது என்றால் அப்படி ஒரு ஆசை.

எல்லாமே ஓடியது என்று சொல்லமாட்டேன். தேனீ வளர்ப்பு பற்றி ஒரு மெலிந்த புத்தகம். அதன் தேதித் தாளில் கடைசி முத்திரை 1971. நான்கு முறை மேசைக்கு வந்து நான்கு முறையும் பீரோவுக்குத் திரும்பியது. எடுத்து மூலையில் போட்டுவிடலாம் என்றேன். அப்போதுதான் சார் எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். சீர்காழியில் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931இல் ஐந்து விதிகள் எழுதினவர். மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். "அந்த ஆள் இன்னும் வரல. அவ்ளோதான்" என்றார். ஐந்தாம் முறை வைத்தபோது ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஏழாம் வகுப்புப் பையன் எடுத்தான். இரண்டு மாதம் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, அப்பாவுக்குப் படித்துக் காட்டுவதாகவும் அதில் சில தப்பு இருப்பதாக அப்பா சொல்வதாகவும் சொன்னான். சார் அபராதம் போடவில்லை. தப்பு எவை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லி, அதைப் புத்தகத்தோடு சேர்த்து மறுபடி மேசையில் வைத்தார். அப்புறம் அது மேசையில் தங்கவே இல்லை.

அந்தப் புத்தகங்களின் முத்திரையில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989இல் மாவட்டம் இரண்டாகி, 2019இல் வேலூரும் மூன்றாகிவிட்டது. போன டிசம்பரில் பள்ளிக்குப் போனபோது பார்த்தேன், முத்திரை மை இன்னும் மங்கவில்லை.

பீரோக்கள் மறுபடி பூட்டியிருந்தன. சங்கம் இப்போது லைப்ரரிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட புது அலமாரிகள் வாங்கித் தரப் பணம் சேர்க்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். கூடவே, இது கதவுக்கு இல்லை, மேசைக்கு என்று எழுதியிருக்கிறேன். வராண்டாவில் பானை இருந்த இடத்தில் இப்போது வடிகட்டி இயந்திரம் நிற்கிறது, பக்கத்தில் நாலடி இடம் காலியாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கால் நான்கும் ஒரே உயரமாக இருந்தால் போதும்.