பொறுப்பை ஒப்படைக்கத் தங்கிய பெண்

கலங்கரை விளக்கக் கதைகளில் காதல் வரும்போதெல்லாம் எனக்குச் சற்றே சலிப்பு உண்டாகும். புயல் அடிக்கும், கப்பல் உடையும், கரையொதுங்கிய அந்நியனை விளக்குக் காப்பாளரின் மகள் காப்பாற்றுவாள். மீதியை வாசகரே சொல்லிவிடலாம். உண்மையில் நடந்த ஒரு காதலோ ஓர் அரசுப் பணி கைமாறியதில் தொடங்கியது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில், ராக்லண்ட் துறைமுகத்திலிருந்து இருபது மைலுக்கும் அப்பால் கிடக்கும் மாட்டினிகஸ் பாறையில் வாழ்ந்த அபி பர்ஜஸ், ஐசக் கிராண்ட் ஆகியோரின் கதை அது.

அபியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1856ஆம் ஆண்டின் புயலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் புயல் பெரிதுதான். 1853இல் அந்தப் பாறையின் விளக்குக் காப்பாளராக வந்த சாமுவேல் பர்ஜஸ், 1856 சனவரியில் உணவுப் பொருள்கள் வாங்குவதற்காகக் கரைக்குச் சென்றிருந்தார். நோயுற்ற தாயும் தங்கைகளும் 16 வயது அபியின் பொறுப்பில் இருந்தார்கள். அண்ணன் தம்பி என்று உதவிக்கு ஆண்துணை எவரும் அங்கே இல்லை. சனவரி 19 அன்று கடல் பாறையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. பழைய குடியிருப்பு ஒரு கல்லின்மேல் மறு கல் நில்லாதபடி அடித்துச் செல்லப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான், தாய் வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், ஓர் அலை வடிந்து மறு அலை எழும் இடைவெளியில் அபி கூடையோடு முழங்கால் ஆழத் தண்ணீரில் ஓடித் தன் கோழிகளைத் தூக்கி வந்தார். ஒன்றே ஒன்று மட்டும் தப்பவில்லை. அந்தப் பாறையில் தமக்கிருந்த துணையே அந்தக் கோழிகள்தாம் என்று தோழி ஒருத்திக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார். பின்னர் நான்கு வாரங்கள் எந்தப் படகும் அணைய முடியவில்லை. இரண்டு கோபுரங்களிலுமாக இருந்த 28 எண்ணெய் விளக்குகளில் ஒரு நாளும் ஒளி தவறவில்லை.

நெய்தல் பாடல்களில் கரையில் இருப்பவள் கடலுக்குச் சென்றவனுக்காகக் காத்திருப்பாள். இங்கே கடலின் நடுவில் இருப்பவர்கள் கரைக்குச் சென்றவருக்காகக் காத்திருந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1860 தேர்தலில் ஆபிரகாம் லிங்கன் வென்றார். விளக்குக் காப்பாளர் பதவி அக்காலத்தில் கட்சி பார்த்துக் கொடுக்கப்பட்ட பதவி; ஆட்சி மாறினால், இருபதாண்டு ஒழுங்காகத் திரி தூண்டியவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 1861இல் சாமுவேல் பர்ஜஸின் வேலை போயிற்று. ஜான் கிராண்ட் என்பவர் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். பர்ஜஸ் குடும்பம் பாறையைவிட்டுக் கிளம்பியது. ஆனால் அபி கிளம்பவில்லை. புதியவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பதற்காக அங்கேயே தங்கினார்.

தன் தகப்பனின் வேலையைப் பெற்றுக்கொண்டு வந்த குடும்பத்துக்கு அந்த வேலையின் நுணுக்கங்களைச் சொல்லித்தர ஒரு பெண் மனம் வந்து தங்கியது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. கிராண்ட் குடும்பத்தின்மீது அவருக்கிருந்த அன்பைவிட, அந்த விளக்குகளைக் கைப்பழக்கம் இல்லாதவரிடம் விட்டுப்போகும் அச்சமே பெரிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். எண்ணெய் விளக்கு எளிய கருவியன்று. குளிரில் எண்ணெய் இறுகினால் ஏற்றியவுடன் சுடர் பிடிக்காது. திரி ஒரு நூல் உயர்ந்தால் புகை, தாழ்ந்தால் மங்கல். கரி படிந்த கண்ணாடியை ஒவ்வொரு காலையும் துடைத்தாக வேண்டும். இவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. பக்கத்தில் நின்று, இரவு பகலாகச் செய்து காட்ட வேண்டும். அப்படிப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவர்களில் ஜான் கிராண்டின் மகன் ஐசக்கும் ஒருவர். அந்த ஆண்டே இருவருக்கும் திருமணம் ஆயிற்று.

நம் ஊரில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போவாள். அபிக்குப் பிறந்த வீடு இருந்த இடத்துக்கே புகுந்த வீடு வந்து சேர்ந்தது. பிறந்த வீட்டார்தான் வெளியேறினார்கள். இருபத்தொரு வயதில், முன்பு தகப்பனுக்காக ஏறிய படிகளில், கணவனோடு சேர்ந்து, இம்முறை அரசு நியமித்த உதவிக் காப்பாளராகவே அவர் ஏறினார்.

அவர்கள் தனிமையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கற்பனை செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் அந்த இல்லறத்தின் நேரக் கணக்கு அபியின் பிற்காலக் கடிதம் ஒன்றில் தெரிகிறது. இரவைப் பங்கிட்டுக்கொண்டு விளக்கைக் காப்பது வழக்கம். ஒருவர் விழித்திருக்கும் பொழுது மற்றவருக்கு உறங்கும் பொழுது. தன் பங்கை முடித்துவிட்டுப் படுத்தாலும், காப்பாளரே விழித்திருக்கிறார் என்று அறிந்திருந்தாலும், விளக்கு அணைந்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற நினைப்பில் பல இரவுகள் கண்ணை மூடவில்லை என்று அவர் எழுதுகிறார். இதைக் கணவன்மீதான நம்பிக்கையின்மை என்று சிலர் படிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் தந்தை பஞ்சாலையில் மூன்றாவது ஷிப்டுக்குப் போன இரவுகளில், காலைச் சங்கு ஊதும் வரை என் தாயும் அரைத் தூக்கத்தில்தான் கிடப்பார். தந்தைக்கு வேலை தெரியாது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

1875இல் ஐசக், கரையை ஒட்டிய ஒயிட்ஹெட் தீவின் விளக்குக் காப்பாளர் ஆனார். அங்கும் அபி உதவிக் காப்பாளராகப் பணிபுரிந்தார். பாறையோடு ஒப்பிட்டால் ஒயிட்ஹெட் வசதியான இடம். அங்கு கழிந்த ஆண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்வதற்குப் பெரிய நிகழ்ச்சிகள் தேவையில்லை. மாலையில் ஏற்றினார்கள், காலையில் துடைத்தார்கள். 1892இல் அபி காலமானார். எனக்கு ஒரு கல்லறைக்கல் வைப்பதானால் அது கலங்கரை விளக்க வடிவில் இருக்கட்டும் என்று அவர் எழுதியிருந்தார். அந்த விருப்பம் நிறைவேற ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று: ஸ்புரூஸ் ஹெட் ஊரில் உள்ள அவருடைய கல்லறையில் 1945இல் எட்வர்ட் ரோ ஸ்நோ என்ற வரலாற்றாசிரியர் ஒரு சிறிய உலோகக் கலங்கரை விளக்கத்தை நிறுவினார். இன்று ராக்லண்டைத் தளமாகக் கொண்டு மிதவைகளைப் பராமரிக்கும் கடலோரக் காவல்படைக் கப்பல் ஒன்றும் அபி பர்ஜஸ் என்ற பெயரோடு ஓடுகிறது.

கல்லறையைப் பற்றிச் சொல்லும் அதே கடிதத்தில் தனக்கு அடிக்கடி வரும் ஒரு கனவையும் அவர் விவரித்திருக்கிறார். நெடுநாள் எங்கோ போயிருந்துவிட்டு, தகப்பன் காலத்து விளக்குகளைப் பொழுது சாய்வதற்குள் ஏற்றிவிட வேண்டுமென்று விரைகிறார். ஒயிட்ஹெட்டுக்கும் மாட்டினிகஸ் பாறைக்கும் பாதி வழியில் இருக்கிறார். சில நாள் படகில், சில நாள் தண்ணீரின்மேல் நடந்து, சில நாள் காற்றிலேயே போகிறார். இரண்டு இடத்திலும் விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விழிப்பு வருமாம்.