இரண்டாம் கட்டம் தரையிலேயே எரியும்

ரஷ்யாவின் சமாரா நகரத்தில் பொறியியல் படித்த நாட்களில், லெனின் அவென்யூ வழியாகப் போகும்போதெல்லாம் அங்கே நிற்கும் ராக்கெட்டை அண்ணாந்து பார்ப்பேன். மாதிரி அல்ல, சோயுஸ் ராக்கெட்டேதான். விண்வெளி அருங்காட்சியகத்தின் மேல் நெட்டுக்குத்தலாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் சோயுஸ் தயாராகிறது. பனி பெய்து ஓய்ந்த காலைகளில், நடுத்தண்டைக் கட்டிப்பிடித்தாற்போல நிற்கும் நான்கு கூம்புகளின் மேல் வெள்ளை படிந்திருக்கும்.

சென்னைக்குத் திரும்பி, ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குத் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு செய்யும் வேலையில் சேர்ந்தேன். 2010இல், செயற்கைக்கோள் காப்பீடு பார்க்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக சோயுஸ்-2 பற்றிய ஒரு கட்டுத் தாள்கள் வந்தன. பழைய சோயுஸில் எதை மாற்றினார்கள், எதைத் தொடவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ரஷ்யத் தாள்களில் ராக்கெட்டை ராக்கெட் என்றே எழுதமாட்டார்கள். ‘இஸ்தேலியே’ என்றுதான் இருக்கும். செய்பொருள் என்று அர்த்தம். ரகசியக் காலத்துப் பழக்கம்.

நான் செய்த தப்பு ஓர் அட்டவணையில். ராக்கெட்டின் கட்டம் என்பது, தனி எஞ்சினோடு எரிந்து முடிந்ததும் கழன்றுவிடும் ஒரு பகுதி. இரண்டாம் கட்டம் என்றால் மேலே உட்கார்ந்திருப்பது என்று மனதில் வைத்துக்கொண்டு, எண்களை இடம் மாற்றிவிட்டேன். எங்கள் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வருவார். 1988 மார்ச்சில் நம் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் கஜகஸ்தானில் இருக்கும் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து வஸ்தோக் ராக்கெட்டில் போனபோது அங்கே இருந்தவர். வஸ்தோக்கும் சோயுஸும் ஒரே குடும்பம், 1957இல் ஸ்புட்னிக்கை ஏற்றிச்சென்ற ஆர்-7இன் பிள்ளைகள்.

அவர் பென்சிலை அட்டவணை மேல் வைத்தார். “ஏம்மா, இந்த ராக்கெட்டுக்கு இரண்டாம் கட்டம் தரையிலேயே எரிய ஆரம்பிச்சுடும், தெரியுமா?”

தெரியாது. அத்தனை வருஷம் அதன் அடியில் நடந்திருக்கிறேன், தெரியாது. 1950களில், வானத்தின் உயரத்தில் ஒரு பெரிய எஞ்சின் நம்பிக்கையாகப் பற்றிக்கொள்ளுமா என்று யாருக்கும் உறுதியில்லை. அதனால் ஐந்தையும் தரையிலேயே பற்றவைத்தார்கள். நான்கு கூம்புகள் முதல் கட்டம். அவை சுமார் இரண்டு நிமிஷத்தில் எரிந்து கழன்றுவிடும். நடுத்தண்டு தொடர்ந்து எரியும். அதுதான் இரண்டாம் கட்டம். நான் இரண்டாவது என்று எழுதியது மூன்றாவது. காப்பீட்டுக்காரர் கையில் அந்த அட்டவணை போயிருந்தால், புது எஞ்சின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தலைகீழாகியிருக்கும். அன்று இரவு முழுத் தாளையும் முதலிலிருந்து படித்தேன்.

அப்படிப் படித்தபோதுதான் நவீனப்படுத்துவது என்பதை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பிடிபட்டது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. முதலில், கீழே இருக்கும் ஐந்து எஞ்சின்களிலும் எரிபொருளைத் தெளிக்கும் தலைப்பகுதியை மட்டும் மேம்படுத்தினார்கள். அந்த சோயுஸ்-எஃப்ஜி 2001இல் பறந்தது. மூளை, அதாவது ராக்கெட்டை வழிநடத்தும் கட்டுப்பாடு, பழையது. அப்புறம் மூளையை மாற்றினார்கள். 2004 நவம்பர் 8 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து சோயுஸ்-2.1ஏ சோதனையாகக் கிளம்பியது. அது சரியாக வந்தபிறகே மூன்றாம் கட்டத்துக்கு வரோனெஷ் நகரத்துப் புது எஞ்சின், ஆர்டி-0124. 2006 டிசம்பரில் பிரெஞ்சு விண்தொலைநோக்கி கோரோவைத் தூக்கிக்கொண்டு சோயுஸ்-2.1பி போனது. எஞ்சினின் திறனைச் சொல்லும் தன் உந்தம் 326 வினாடியிலிருந்து 359 ஆனது. தள்ளும் விசை கிட்டத்தட்ட அதேதான், எரிபொருள் மட்டும் சிக்கனம்.

எனக்கு மிகவும் பிடித்தது மூளை மாற்றம்தான். பழைய சோயுஸில் இருந்தது அனலாக் கட்டுப்பாடு. எந்தத் திசையில் பறக்க வேண்டுமோ அந்தத் திசைக்கு, ஏவுமுன்பே மேடையோடு சேர்த்து ராக்கெட்டைத் திருப்பி நிறுத்த வேண்டும். எண்ணெய்ச் செக்கு மாதிரி அந்தப் பெரிய மேடை சுழலும். யெகாதெரின்பர்கில் செய்த புது டிஜிட்டல் கட்டுப்பாடு வந்தபின் அது தேவையில்லை. மேலே எழும்பியதும் ராக்கெட் தன் அச்சில் தானே உருண்டு திசை பார்த்துக்கொள்ளும். தலையில் 4 மீட்டருக்கு மேல் அகலமான பெரிய மூடி வைத்தாலும் காற்றில் தடுமாறாமல் சமாளிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய மூளை உக்ரைனில் தயாரானது. சோவியத் யூனியன் கலைந்தபின் அது வேறு நாடு.

ஆனாலும் மனிதர்களை உடனே அதில் ஏற்றவில்லை. முதலில் சரக்குக் கப்பல்கள். 2015 ஏப்ரலில் அப்படிப் போன ஒரு புரோகிரஸ் கப்பல், 2.1ஏவின் மூன்றாம் கட்டத்திலிருந்து பிரியும் நேரத்தில் சேதப்பட்டுச் சுழன்று தொலைந்தது. கப்பலும் சரி, ராக்கெட்டும் சரி, தனித்தனியே நல்லவை. சேர்த்துப் பூட்டியபோது வரும் அதிர்வைத்தான் போதுமான அளவு ஆராயவில்லை. 2018 அக்டோபரில் எஃப்ஜியும் தவறியது. பைக்கோனூரில் கூம்பைப் பூட்டும்போது ஓர் உணரியின் கம்பி வளைந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எஃப்ஜி கடைசியாக 2019 செப்டம்பரில் ககாரின் புறப்பட்ட அதே மேடையிலிருந்து பறந்தது. 2.1ஏ மனிதர்களோடு போனது 2020 ஏப்ரல் 9 அன்றுதான். முதல் சோதனைக்கும் இதற்கும் நடுவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். தாமதம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

2017 நவம்பர் 28தான் என்னை அதிகம் வருத்திய நாள். ரஷ்யாவின் கிழக்கே இருக்கும் வஸ்தோச்னி ஏவுதளத்திலிருந்து கிளம்பிய சோயுஸ்-2.1பி தன் வேலையை ஒழுங்காக முடித்தது. மேலே இருந்த ஃப்ரிகாட் என்ற கட்டம் மட்டும் தப்பான திசையைப் பார்த்தபடி எஞ்சினை எரித்தது. மெத்தியோர் என்ற வானிலைச் செயற்கைக்கோளும் கூடப் போன 18 சின்னச் செயற்கைக்கோள்களும் அட்லாண்டிக்கில் விழுந்தன. ஃப்ரிகாட்டின் கணக்கு பல வருஷமாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்த கணக்குதான். வஸ்தோச்னியின் புது மேடை, ராக்கெட் உருள வேண்டிய கோணம், ஃப்ரிகாட்டின் திசை மூன்றும் அதுவரை ஒன்றாகச் சேர்ந்து வந்ததில்லை. அந்தக் கணக்குக்கு இந்தச் சேர்க்கை தெரியாது.

அந்த அறிக்கைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது அட்டவணைத் தப்பைப் பிடித்த அந்தப் பொறியாளர் சாருக்குப் போன் செய்தேன். அப்போது அவர் அலுவலகம் வருவதை நிறுத்தியிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உருளும் கோணத்துக்கு என்ன சொல் போட்டிருக்கே?” என்று கேட்டார். சொன்னேன். “சரி. முன்னாடி பண்ணின தாள்லயும் அதே சொல்தானான்னு பார்த்துடு.”

பார்த்தேன். இரண்டு இடத்தில் வேறாக இருந்தது. மாற்றினேன்.

எங்கள் அலுவலகச் சொற்பட்டியலில் கட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்துப்பேன்’ என்ற ரஷ்யச் சொல்லுக்கு நேரே அவர் பென்சிலால் எழுதியது இன்னும் அழியவில்லை: முதல் கட்டம் பக்கத்து நான்கு, இரண்டாம் கட்டம் நடுத்தண்டு. பட்டியல் கணினிக்கு வந்து வெகுகாலமாகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் காகிதப் பக்கத்தைத்தான் நான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.