அற்றிகஸ் கடைசியில் சம்மதித்தது

ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ நாவலின் வழக்கு விசாரணையை என் யூனியர் சட்டத்தரணிமாரைப் படிக்கச் சொல்வது அற்றிகஸ் ஃபிஞ்சின் பேச்சுக்காக அல்ல, அவர் கேள்வி அடுக்கும் ஒழுங்குக்காக. வெள்ளைக்காரப் பெண் மயெல்லா யூவெலைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியதாகக் கறுப்பினத்தவர் ரொம் றொபின்சன் மேல் வழக்கு; அவருக்காக வாதாடுபவர் அற்றிகஸ். ஊரின் பொலிஸ் பொறுப்பாளரான ஷெரிப்பிடம் முதற்கேள்வி: வைத்தியரைக் கூப்பிட்டீர்களா? இல்லை. (இங்கேயென்றால் சட்ட வைத்திய அறிக்கை எங்கே என்று நீதிபதியே கேட்டிருப்பார்.) காயம் எந்தக் கண்ணில்? இடது என்றவர், யோசித்து, அவளுடைய வலது என்று திருத்துகிறார். பிறகு தகப்பன் பொப் யூவெல். ஷெரிப் சொன்னதெல்லாம் சரி என்று அவர் வாயாலேயே சொல்லவைத்த பின்புதான் பேனையும் கடித உறையும் கைக்குப் போகின்றன. பேனை முந்தியிருந்தால் ஆள் உசாராகியிருப்பார். இடக்கையால் எழுதுகிறார். எதிரே நின்றவளின் வலது கண்ணில் விழும் அடி பெரும்பாலும் இடக்கை அடிதான். எதிரி ரொம் றொபின்சனின் இடக்கையோ சிறுவயதில் பஞ்சு இயந்திரத்தில் அகப்பட்டு, மற்றதைவிட ஓரடி கட்டை. இவ்வளவுக்கும் யூரிமார் குற்றவாளி என்றார்கள்.

நீதிமன்றம் நியமித்த வழக்குத்தானே, அற்றிகஸ் அதை நடத்தியதில் என்ன துணிவு என்று கேட்கலாம். யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்திலும் வசதியில்லாத எதிரிக்குச் சட்டத்தரணி நியமிக்கப்படுவார். நியமனம் வேறு, வழக்கேட்டோடு இரவிருப்பது வேறு.

இதுவரை என் யூனியர் தங்கச்சிக்கும் சம்மதம். பிரச்சினை நாவலின் முடிவில். வழக்குக்குப் பிறகு யூவெல் அற்றிகஸின் பிள்ளைகளை இருட்டில் தாக்க, அயலவர் பூ ராட்லி அவரைக் கொன்று பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்.

“மகன்தான் யூவெலைக் கொலை செய்ததெண்டு நினைக்கேக்க மறைக்கவே விடமாட்டன் எண்டவர், பூ ராட்லி எண்டதும் ஏன் சேர் சம்மதிச்சவர்?”

யூவெல் தன் கத்தியிலேயே விழுந்தார் என்ற ஷெரிப்பின் கதையைத்தான் கேட்கிறாள். சட்டப்படி அந்தப் பொய் தேவையில்லை. இருட்டில் பிள்ளைகளைத் தாக்கியவனைத் தடுத்தவருக்குத் தற்காப்புரிமை இருக்கிறது. அடுத்தவர் உடலைக் காக்கவும் அது செல்லும், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையிலும் அப்படித்தான். யூரியிடம் விட்டிருக்கலாம். றொபின்சனைக் குற்றவாளியாக்கிய அதே ஊரின் யூரியிடமா? ஆனால் ஷெரிப் பயந்தது தண்டனைக்கல்ல, வீட்டைவிட்டு வெளியே வராத மனிதனை ஊர் மொய்க்கும் என்று. அது இரக்கம். சரி. இரக்கப்பட்டுப் பொய் சொன்ன சாட்சியைக் கூட்டில் நான் விடுவேனா? அற்றிகஸும் மயெல்லாவுக்கு இரங்கினார், ஆனால் விடவில்லை.

மயெல்லாவின் பொய் ஓர் உயிரைக் கேட்டது, ஷெரிப்பின் பொய் ஒருவரையும் கேட்கவில்லை என்றேன்.

“அதை ஆர் சேர் தீர்மானிக்கிறது? ஷெரிப்போ?”

இங்கே திடீர் மரண விசாரணை அதிகாரி இருப்பது அதற்குத்தான் என்றேன். அவள் கேட்டது அதையல்ல.