தாணிப்பாறையில் கேட் திறந்தால்...

"நாளைக்கு மேலே விடுவாங்களா?" விருதுநகர் மாவட்டத்துச் சதுரகிரி மலையில் இருக்கும் சுந்தர மகாலிங்கத்துக்கு நேர்ந்துகொண்ட வீட்டில் ஒரு வாரமாக இந்தப் பேச்சுதான் ஓடும். அமாவாசை நெருங்க நெருங்க ஒரு கண் காலண்டரில், இன்னொரு கண் மேற்கே கூடும் கருமேகத்தில். கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, வத்திராயிருப்பு தாண்டி, மலை அடிவாரத்துத் தாணிப்பாறையில் வனத்துறை கேட் வரை வந்த பிறகும் "மழை, அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. அதற்கும் மனசைத் தயார்படுத்திக்கொண்டுதான் மஞ்சள் துணியில் காசு முடிய வேண்டும்.

கேட்டில் நின்று சண்டை போடுபவர்கள் ஓடையின் குணம் அறியாதவர்கள். அடிவாரத்தில் வெயில் காயும். மேலே எங்கோ மழை கொட்டிக்கொண்டிருக்கும். பாறைச் சரிவு தண்ணீரை உறிஞ்சாது, அப்படியே கீழே தள்ளிவிடும். முழங்கால் அளவு ஓடிய, வழியில் கடக்க வேண்டிய மாங்கனி ஓடை பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆளை இழுக்கும் வேகத்துக்கு வந்துவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் இப்படித்தான் வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்ச்சேதமும் ஆனது. தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால் ஓடையில் கால் வைக்காதீர்கள். மேட்டில் ஏறி உட்கார்ந்து நாமம் சொல்லுங்கள். மழை நின்றால் மெல்ல வடியும்.

ஏற நாலு, ஐந்து மணி நேரம் ஆகும். இரவு தங்க விடமாட்டார்கள் என்பதால் காலை கேட் திறந்ததும் முதல் ஆட்களாக நுழைவதே நல்லது. 2021 முதல் இந்த மலைக்காடு புலிகள் காப்பகம். தீப்பெட்டி, பீடி, பாலிதீன் பை எல்லாம் சோதனையில் போய்விடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். இட்லியை வாழை இலையில் கட்டித் துணிப்பைக்குள் வையுங்கள், கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான் நைவேத்தியம். வழுக்குப்பாறை ஈரமாக இருந்தால் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுங்கள். ஊன்றுகோலின் அருமை இறங்கும்போதுதான் தெரியும்; ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முட்டி கழன்றுவிடும். கோரக்கர் குகையில் கொஞ்சம் உட்காருங்கள், இரட்டை லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சங்கிலிப்பாறையில் முன்னால் நிற்பவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நிற்க வேண்டும். அடிவாரத்தில் "மலை மூலிகை சாமி" என்று எதையோ வேரென்று விற்பவர்கள், இஷ்டத்துக்குக் கேட்கிற ஆட்டோக்கள் வேறு. வேரை வாங்காதீர்கள், வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

கோயிலுக்குச் சற்று முன்னால் இருக்கும் பலாவடிக் கருப்பரைக் கடந்ததும் காலில் வலி இருந்ததா என்றே தெரியாது. சந்நிதியில் "நகருங்க, நகருங்க" என்ற சத்தத்துக்கு நடுவே கிடைப்பது சில விநாடிதான். ஒருபக்கம் சாய்ந்த திருமேனி. ஊற்றிய பால் சாய்ந்த பக்கமாக வழிந்து இறங்குகிறது. தலக்கதையில் வரும் பச்சைமால் என்ற மாடு மேய்ப்பவர் அடித்த தழும்பையும் தாங்கிக்கொண்டு சாய்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறவரிடம் எதைக் கேட்பது? மகன் வேலை, மகள் கல்யாணம், ஸ்கேன் ரிப்போர்ட் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வந்த பட்டியல் ஒன்றும் வாயில் வராது. "சதுரகிரியாருக்கு அரோகரா" என்று பின்னால் யாரோ எழுப்பும் குரலோடு நம் குரலும் சேர்ந்துவிடும். மகாலிங்கமே, மேலே வரவிட்டாயே அப்பா, அது போதும்!

கேட்டோடு திரும்ப நேர்ந்தவர்களுக்கு ஒன்று. அடிவாரத்துக் கருப்பசாமிக்கு ஒரு தேங்காய் உடைத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பால் கொண்டுபோயிருந்தால் அங்கேயே குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமல் பூஜை அறையில் திரும்ப வையுங்கள். அடுத்த பிரதோஷம் பதினஞ்சு நாளில் வந்துவிடும்.