சாதனை மாணவர் கதையை எப்படிப் படிப்பது?

தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் நாளிதழில் ஒரு கதை கட்டாயம் இருக்கும். அப்பா இல்லை, அம்மாவுக்குத் துப்புரவு வேலை, ஓரறை வாடகை வீடு, பிள்ளை சாதித்துவிட்டான். எங்கள் ஈரறை வாடகை வீட்டில் அம்மா அதைக் காட்டி, "இவன் மட்டும் எப்படிப் படிச்சான்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அந்தச் செய்தியில் இருக்காது. தொடக்கத்தில் வறுமை, முடிவில் பட்டம், நடுவில் 'கடின உழைப்பு' என்று இரண்டே சொற்கள்.

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளியில் அப்போது இருந்த, செய்முறைப் படிப்புக்கான வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்து, ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போய், அங்கிருந்து பாலிடெக்னிக் சேர்ந்தவன் நான். இதே வழியில் வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, அந்த நடுப்பகுதியைத் தோண்டிப் பாருங்கள் என்பதுதான். எத்தனை ஆண்டு ஆனது? யார் உதவினார்கள்? எந்தப் படிவம் நிரப்பினார்கள்?

சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதில் தந்தையை இழந்தவர், பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடியவர், பிறகு அதிபரானார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். 1924இல் பிறந்த அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வியல் பட்டயம் பெற்றது 1954இல். அதிபரானது 1999இல். முப்பது வயதில்தான் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தது. பதினேழு வயதில் ஐடிஇக்குப் போகிறோமே என்று சோர்ந்துபோகும் பிள்ளைக்கு, அவர் பதவியைவிட இந்த வயதுக் கணக்குதான் தெம்பு தரும்.

அடுத்தது படிவங்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கௌரவம் பார்த்து இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் பள்ளிக் கட்டணம் மட்டுமல்ல, பாடநூல், சீருடை, பள்ளி உணவு, போக்குவரத்துக்கும் உதவி உண்டு. குடும்பத்தின் மொத்த வருமானம் வரம்பைத் தாண்டினாலும், ஆள்கணக்கில் வகுத்துப் பார்க்கும் இன்னொரு வரம்பு இருக்கிறது. வீட்டில் பாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் அந்தக் கணக்கில் தகுதி கிடைத்துவிடலாம். அப்பா சம்பளம் கொஞ்சம் கூடிவிட்டது, இனிக் கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஆண்டுதோறும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்புக்கும் தயங்காமல் போங்கள். 1991இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு, வேலைக்குப் போகும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்துதான் ஒரு சிறு தொகை போகிறது. நம் மாமாவும் சித்தியும் போட்ட காசு அது, பிச்சை இல்லை.

படிக்க இடம் இல்லை என்பதும் நிஜமான சிக்கல்தான். ஈரறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் தங்கையின் அழுகைக்கும் நடுவே கணக்குப் போட முடியாது. வட்டார நூலகம், சமூக மன்றத்தின் படிப்பறை, இரண்டும் நிரம்பினால் சாங்கி விமான நிலையம். குளிர்சாதனமும் இலவசம். பகுதிநேர வேலை செய்கிறவர்கள் தேர்வு மாதத்துக்கு முன்பே மேலாளரிடம் பேசி வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நடக்காது.

அப்புறம், நம் கதையை நாமே சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வரும். மதிப்பெண் வருமுன்னே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து பாலிடெக்னிக்கில் இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கைக்கு ஐடிஇ மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். அங்கே பலர் வறுமையை மட்டும் உருக்கமாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நேர்காணல் செய்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தத் துறையில் என்ன செய்து பார்த்தாய், எங்கே சிக்கிக்கொண்டாய், அதை எப்படிச் சரிசெய்தாய் என்றுதான் கேட்பார். மின்னியல் படிப்புக்குப் போகிறவர் பக்கத்து வீட்டு மின்விசிறியைப் பிரித்து மாட்டியதைச் சொல்லலாம். வீட்டு நிலைமைக்கு இரண்டு வரி போதும். உதவிநிதி விண்ணப்பத்தில் மட்டும் நேர்மாறு. அங்கே கூச்சப்படாமல் வருமானம், கடன், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் சம்பளச் சீட்டோடும் ரசீதோடும் எழுதுங்கள்.