குலுங்காத படகு

தனி ஆளாகத் துடுப்புப் படகு ஓட்டிய ஜெர்மானிய வீரர் பீட்டர்-மைக்கேல் கோல்பே 2023 டிசம்பரில் காலமானார். செய்தியைப் பார்த்ததும் என் நினைவுக்கு வந்தது ஒரு காப்பிக் கோப்பை.

ஹாம்பர்க்கில் பேக்கிங் இயந்திரங்கள் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் சில வருடங்கள் இருந்தேன். புது இயந்திரம் ஒன்று ஓடினால் தரையே அதிர்ந்தது. சட்டத்தில் இரும்பைச் சேர்த்துச் சேர்த்து நாலு மாதம் போனது, அதிர்வு போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், இளமையில் துடுப்பு வலித்தவர். அதே ஊர்க்காரரான கோல்பேதான் அவருக்குக் குலதெய்வம்.

ஒருநாள் அவர் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த தள்ளுவண்டியில் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டார். வண்டியில் காப்பி. உதைத்து இழுத்தார், அவர் அசையவே இல்லை, வண்டிதான் முன்னும் பின்னும் பாய்ந்தது, காப்பி சிந்தியது. "சாதாரணப் படகு" என்றார். ஒற்றையர் படகு 14 கிலோதான். வலிப்பவர் அதுபோல ஐந்தாறு மடங்கு. அவர் இருக்கை நகர நகரப் படகு குலுங்கும், வேகம் கரையும். பிறகு கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் அட்டை மூடியை மட்டும் காலால் தள்ளி இழுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "இது கோல்பேயின் படகு."

கோல்பே 1975இல் உலக சாம்பியன். அடுத்த வருடம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், பந்தயத்துக்கு முன் அவருக்கு ஓர் ஊசி போட்டார்கள். அன்று தடைப்பட்டியலில் இல்லாத மருந்துதான். 2000 மீட்டரில் பெரும்பகுதி முன்னணியில் இருந்தவர் கடைசியில் துவண்டுபோக, ஃபின்லாந்து தீயணைப்பு வீரர் பெர்த்தி கார்ப்பினென் தாண்டிப்போனார். 1980இல் மேற்கு ஜெர்மனி மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது.

1981இல், இருக்கையை அசையாமல் நிறுத்தி, கால்பலகையும் துடுப்பு தாங்கும் சட்டமும் மட்டும் நகரும் படகோடு மியூனிக் உலகப் போட்டிக்கு வந்து ஜெயித்தார். யோசனை பழசுதான், ஆனால் 1983 டூயிஸ்பர்க் உலகப் போட்டியின் இறுதியில் ஆறு பேரும் அந்த மாதிரிப் படகில்தான் வந்தார்கள். அங்கும் கோல்பேயே முதலாவது. உடனே தடை வந்தது; செலவு கூடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

பழைய படகுக்குத் திரும்பினார். 1984 ஒலிம்பிக்கில் மறுபடி கார்ப்பினென், மறுபடி வெள்ளி. 1986இல் நாட்டிங்ஹாமில், 33 வயதில், அதே குலுங்கும் படகில் ஐந்தாவது உலகப் பட்டம். இதுதான் என்னை அசத்தியது. 1988 சியோலில் மூன்றாவது வெள்ளி.

நாங்களும் மோட்டாரை நகரும் பகுதியிலிருந்து கழற்றி அசையாத சட்டத்தில் மாட்டி வரைந்தோம். கூட்டத்தில் படத்தை இரண்டு நிமிடம் பார்த்தார்கள். விலை கூடும் என்றார்கள். நான் கொதித்தேன், பக்கத்து மேஜைக்காரர் சிரித்துக்கொண்டே பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார்.

இயந்திரம் அப்படியேதான் விற்பனைக்குப் போனது. கையேட்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தோம்: மேல்தட்டில் பானங்கள் வைக்க வேண்டாம்.