சைபர் செக்யூரிட்டியில் முதுகலை: அந்த 52 வரிகள்

சைபர் செக்யூரிட்டியில் முதுகலை முடித்துச் சில மாதங்கள் ஆகின்றன. சேரலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தெந்த டூல் சொல்லித்தருவார்கள் என்பதைத்தான். டூல்கள் வந்தன, சரி. ஆனால் என் தூக்கத்தை எடுத்துக்கொண்டவை வேறு.

முதல் செமஸ்டர் பெரும்பாலும் கணக்கு. ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க (என்கிரிப்ஷன்) முறையை 11, 13 என்ற இரண்டு பகா எண்களை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். பெருக்கினால் 143. பொதுத் திறவுகோல் 7 என்று எடுத்தால் தனித் திறவுகோல் 103. ஒரு எண்ணைப் பூட்டி, திறந்து, அதே எண் திரும்பி வந்த பிறகுதான் சூத்திரங்கள் மனதில் தங்கின. கணக்கை விட்டு விலகி வெகுநாள் ஆனவர்கள், சேரும் முன் மாடுலர் அரித்மெட்டிக்கையாவது (வகுத்த மீதியை வைத்துப் போடும் கணக்கு) ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அடுத்தது பஃபர் ஓவர்ஃப்ளோ லேப். அளவு பார்க்காமல் உள்ளீட்டை வாங்கும் ஒரு சின்ன சி நிரல். நீளமாகக் கொடுத்தால் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸ் (நிரல் அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி) மேலேயே எழுதி, நிரலை நமக்கு வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடலாம். 1988-இல் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. தனி வர்ச்சுவல் மெஷினில், பாதுகாப்புகளை அணைத்துவிட்டுத்தான் செய்தோம் (எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியைத் தொடக்கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட்டது). பிழை தேட உதவும் டீபக்கருக்குள் ஓடிய என் நிரல் வெளியே ஓட்டினால் கிராஷ் ஆனது. மூன்று நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. டீபக்கர் தானாகச் சில என்விரான்மென்ட் வேரியபிள்களை (நிரலுக்கு அதன் சூழலைச் சொல்லும் மதிப்புகள்) சேர்க்கிறது. அவையும் ஸ்டாக்கில்தான் வைக்கப்படும் என்பதால் முகவரிகள் கொஞ்சம் நகர்ந்துவிடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு முகவரியைத் திருப்பிக் கணக்கிட்டேன். ஓடியது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இரண்டு வருடத்தில் வேறு எதற்கும் வரவில்லை.

அப்புறம் தீசிஸ். மெஷின் லேர்னிங் வைத்து ஊடுருவலைக் கண்டுபிடிப்பது என் தலைப்பு. இந்தத் துறையில் நிறையப் பேர் எடுக்கும் கேடிடி கப் 1999 தரவுத் தொகுப்பையே நானும் எடுத்தேன். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு நெட்வொர்க் இணைப்பின் பதிவு. ஒரே மாதத்தில் 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம். கைடிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரே வரி எத்தனை தடவை வருதுன்னு பார்த்தியா?"

பார்த்திருக்கவில்லை. அந்தத் தொகுப்பில் மாடல் கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பகுதியில் சுமார் 78 சதவீதம் நகல்கள் என்று 2009-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. பொதுவாகப் பயன்படுத்தும் 10 சதவீதப் பகுதியில் 4,94,021 வரிகள். அவற்றில் 3,87,991 வரிகள் ஸ்மர்ஃப், நெப்டியூன் என்ற இரண்டே வெள்ளத் தாக்குதல்கள் (தகவலைக் கொட்டிக் கணினியை முடக்குபவை). சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டைப் பிடிக்கும் தாக்குதல்களுக்கு மொத்தம் 52 வரிகள். அதிலும் பஃபர் ஓவர்ஃப்ளோவுக்கு 30. நான் மூன்று நாள் கிடந்து செய்த அதே தாக்குதல்! அந்த 52 வரிகளையும் மாடல் தவறவிட்டாலும் துல்லியம் 0.01 சதவீதம்தான் குறையும். ஆனால் வெள்ளத் தாக்குதல் யார் கண்ணுக்கும் தெரியும். ஒருவர் சத்தமில்லாமல் ரூட் ஆவதைத்தானே நாம் பிடிக்க வேண்டும்?

நகல்களை நீக்கிய என்எஸ்எல்-கேடிடி தொகுப்புக்கு மாறினேன். அதன் சோதனைப் பகுதியில் பயிற்சியில் இல்லாத தாக்குதல் வகைகளும் உண்டு. துல்லியம் 80-க்குக் கீழே இறங்கியது. இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் திறக்கவே மனம் வரவில்லை. தலைப்பை மாற்றலாமா என்றுகூடக் கேட்டேன். எண் குறைந்ததற்கான காரணத்தையே ஒரு அத்தியாயமாக எழுதச் சொன்னார் கைடு. தீசிஸில் நான் மிகவும் நேசித்து எழுதியது அந்த அத்தியாயம்தான். மொத்தத் துல்லியத்தை முன்னால் வைக்காமல், ஒவ்வொரு வகைத் தாக்குதலிலும் எத்தனை பிடித்தது, எத்தனை தப்பியது என்ற அட்டவணையை முதலில் வைத்தேன்.

வைவாவில் தேர்வாளர் நேராக அந்த அட்டவணைக்குப் போனார். பஃபர் ஓவர்ஃப்ளோ வரியில் விரலை வைத்து, தப்பியவை ஏன் தப்பின என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.